மஞ்சள் ஒளியில் மறையும் கோலம்: ஒற்றை நிற அறை கட்டிய குறிப்பு

கும்பகோணத்தில் ஒரு பழைய பாத்திரக் கிடங்கை வாடகைக்கு எடுத்து நண்பர்கள் சேர்ந்து நடத்திய சிறு கலைக் கண்காட்சியில் ஓர் அறை எங்கள் பொறுப்பு. சுவரில் எதையும் மாட்டக்கூடாது, அறையே படைப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். கடைசியில் வந்தது இது: உள்ளே போனால் எல்லாம் மஞ்சள். உங்கள் சிவப்புச் சட்டை, பச்சைப் புடவை, கைநகச் சாயம் எல்லாம் சாம்பலும் கறுப்புமாகிவிடும். சுவர்கள் வெறுமையாகத் தெரியும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மஞ்சள் அணைந்து சில நொடி வெள்ளை ஒளி வரும். அப்போது நான்கு சுவர்களையும் சுற்றி ஒரே இழையில் ஓடும் சிக்குக் கோலம் தெரியும். மறுபடி மஞ்சள் வந்ததும் கோலம் சுவருக்குள் போய்விடும்.

இது வேலை செய்கிறது. எப்படிச் செய்தோம், எங்கே பணம் வீணானது, எது கடைசியில் கைகொடுத்தது என்று எழுதிவைக்கிறேன். இதே போல் முயல நினைப்பவர்களுக்கு உதவும்.

ஒற்றை நிற அறை எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. டேனிஷ்-ஐஸ்லாந்துக் கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் 1997இல் செய்த ‘ரூம் ஃபார் ஒன் கலர்’ இதற்கு முன்னோடி. வெள்ளை அறை, கூரையில் ஒற்றை அலைநீள மஞ்சள் விளக்குகள், வேறு ஒன்றும் இல்லை. 2003இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் டர்பைன் ஹாலில் அவர் நிறுவிய பெரிய ‘சூரியனும்’ அதே வகை விளக்குகள்தான்: அரைவட்டத் திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் வைத்து, கூரை முழுக்கக் கண்ணாடி பதித்து, அரைவட்டத்தை முழு வட்டமாகக் காட்டினார். அந்த அறைகளில் நிறம் மறைவதோடு வேலை முடிந்துவிடுகிறது. மறைந்த நிறத்துக்குள் ஒன்றை ஒளித்துவைத்தால் என்ன என்பது எங்கள் கேள்வி.

விளக்கிலிருந்து ஆரம்பித்தோம். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களுக்கு அந்த விளக்கு நினைவிருக்கும். நியூட்டன் வளையச் சோதனையில் மரப்பெட்டிக்குள் ஓட்டை வழியே எரியுமே, அந்தச் சோடியம் ஆவி விளக்கு. ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் அதன் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம், அதாவது 589.3 நானோமீட்டர், என்று எழுதியிருப்போம். குறை அழுத்தச் சோடியம் விளக்கு அது. கண்ணுக்குத் தெரியும் ஒளி கிட்டத்தட்ட முழுவதையும் 589 நானோமீட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கோடுகளில் கொடுத்துவிடுகிறது. வேறு நிறமே அதில் இல்லாததால்தான் அதன் கீழ் நிறங்கள் செத்துப்போகின்றன. தெருவிளக்குக்கான குறை அழுத்தச் சோடியம் விளக்குகளை பிலிப்ஸ் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. கடைகளில் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆய்வக விளக்கு கிடைக்கிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து விலை அதிகம். ஓர் அறையை நிரப்புமளவு வாங்க முடியாது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் மூலம் ஒன்றை மட்டும் இரவல் வாங்கினோம். அளவுகோலாக அது கூடவே இருக்கட்டும் என்று.

பழைய தெருவிளக்குகள் மஞ்சளாகத்தானே எரிந்தன என்று பழைய சாமான் கடையிலிருந்து 70 வாட் சோடியம் விளக்கு இரண்டு, சோக்கோடு, 800 ரூபாய்க்கு வாங்கி எரித்துப் பார்த்தோம். ஆகாது. நம் ஊர்த் தெருக்களில் அதிகம் இருந்தது உயர் அழுத்தச் சோடியம். பார்க்க மஞ்சள், ஆனால் உள்ளே எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. குங்குமம் குங்குமமாகவே தெரிந்தது.

கண்ணை நம்பி மஞ்சள் விளக்கு வாங்குவது வீண் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அதனால் முதலில் ஒரு கருவி செய்தோம். ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் இரண்டு பிளேடுகளை நெருக்கி ஒட்டிய மெல்லிய பிளவு, எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்த பழைய சி.டி.யின் துண்டு, மேலே பார்க்க ஓர் ஓட்டை. செலவு ஒன்றுமில்லை. பிளவை விளக்கு நோக்கிக் காட்டினால் சி.டி.யில் அந்த விளக்கின் நிறப்பட்டை தெரியும். ஆய்வக விளக்குக்கு ஒரே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு. உயர் அழுத்த விளக்குக்குச் சிவப்பு முதல் நீலம் வரை பட்டை, அதிலும் நடு மஞ்சளில் ஓர் இருண்ட இடைவெளி. இந்தப் பெட்டி இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்.இ.டி. கடைகளுக்குப் போனோம். போர்டு வேலைக்கு விற்கும் 12 வோல்ட் மாட்யூல்கள், மூன்று எல்.இ.டி. கொண்டவை, 1.2 வாட். ‘மஞ்சள்’ என்று விற்பதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று நீல எல்.இ.டி. மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசி மஞ்சளாக்கியது, சி.டி.யில் பச்சையிலிருந்து சிவப்பு வரை இழுத்துக்கொண்டு தெரியும். இன்னொன்று சில்லே மஞ்சள் ஒளி தரும் ஆம்பர், சி.டி.யில் ஒரு குறுகிய பட்டை மட்டும். அணைத்துவிட்டுப் பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம்: பாஸ்பர் ஜாதியில் எல்.இ.டி. மேலேயே மஞ்சள்/ஆரஞ்சுப் பூச்சு தெரியும், ஆம்பரில் தெளிவாக இருக்கும். நாங்கள் கேட்ட ஒரு கடையில் இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. எரியவிட்டுப் பார்த்துப் பொறுக்கினோம். ஒன்று 14 ரூபாய் வீதம் 220 வாங்கினோம், 20 உதிரிக்கு.

ஆம்பர் எல்.இ.டி.யின் பட்டை 15, 20 நானோமீட்டர் அகலம். சோடியம் கோடு போல் கூர்மை இல்லை. இந்த வித்தியாசம்தான் பின்னால் கோலத்தின் நிறத்தையே முடிவு செய்தது. அதைச் சொல்வதற்கு முன் அறை.

அறை 20 அடிக்கு 14 அடி, உயரம் 11 அடி. மெட்ராஸ் ஒட்டுக் கூரை, சிவப்பு ஆக்ஸைடு தரை. இரண்டு ஜன்னல், ஒரு கதவு, மேலே இரண்டு வென்டிலேட்டர். சுவரில் எப்போதோ அடித்த சுண்ணாம்பு. பழைய சுவரோடு சும்மா மாட்யூல்களை எரித்துப் பார்த்தபோது ஓர் அதிசயம்: பகலில் ஒரே வெள்ளையாக இருந்த சுவர் மஞ்சள் ஒளியில் திட்டுத் திட்டாகச் சாம்பல் கறை பிடித்ததுபோல் நின்றது. ஈரமோ என்று தொட்டுப் பார்த்தால் இல்லை. பெயிண்டர் அண்ணன் வந்து ஒரு நொடியில் சொல்லிவிட்டார்: “அது நீலம் தம்பி. சுண்ணாம்புல சரியாக் கரையாம அடிச்சிருக்காங்க.”

வெள்ளையைப் பளிச்சென்று காட்ட நீலம் போடுவது நம் ஊர் வழக்கம். நீலம் மஞ்சள் ஒளியை விழுங்கும். பகலில் வெண்மையைக் கூட்டுவதும் அதே குணத்தால்தான்: சுண்ணாம்பின் பழுப்பு மஞ்சளை அது அடக்குகிறது. மஞ்சளைத் தவிர வேறு ஒளியே இல்லாத அறையில் நீலம் இருக்கும் இடமெல்லாம் இருட்டு. எனவே சுவரைச் சுரண்டி, நீலமே போடாமல் டிஸ்டெம்பர் அடிக்கச் சொன்னோம். பெயிண்டருக்கு மனசு வரவில்லை, ஆனாலும் செய்தார்.

இப்போது கோலம். கணக்கு எளிது. ஒரே அலைநீள ஒளியில் இரண்டு பெயிண்ட்களும் அந்த ஒளியை ஒரே அளவு திருப்பி அனுப்பினால் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. சிவப்பாகட்டும் பச்சையாகட்டும், சமமாகக் கலந்துவிட்டால் மறைந்துவிடும். கோலப்பொடிப் பாக்கெட்டுகளை வாங்கி இதைச் சோதித்தோம்; நிறப் பரிசோதனைக்கு அதைவிட மலிவான சாதனம் இல்லை. ஆய்வக விளக்கின் கீழ், பச்சைப் பொடியில் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைப் பொடி கலந்து குங்குமத்தோடு சமன் செய்தோம். ஒரு கரண்டி பச்சைக்குக் கால் கரண்டி வெள்ளை. அப்படிச் சமனானதும் குங்குமத்துக்கு நடுவில் பச்சையால் போட்ட கோடு காணாமலே போனது. அந்த நேரம் எல்லோரும் கத்திவிட்டோம்.

அதையே ஆம்பர் எல்.இ.டி. கீழே கொண்டுபோனால் கோடு திரும்ப வந்துவிட்டது. மங்கலாகத்தான், ஆனால் தெரிகிறது. குங்குமம் கொஞ்சம் ஆரஞ்சாகவும் பச்சை கொஞ்சம் எலுமிச்சையாகவும். காரணம் அந்தப் பட்டை அகலம். சிவப்புச் சாயங்கள் 590 நானோமீட்டரை ஒட்டித்தான் சரேலென்று மாறுகின்றன: அதற்குக் கீழே விழுங்கும், மேலே திருப்பி அனுப்பும். எல்.இ.டி. அந்த மாறும் இடத்தின் இரு பக்கமும் ஒளி தருவதால் சிவப்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. என்ன கலந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

சரி, எந்த நிறம் 590 பக்கத்தில் மாறாமல் சமமாக இருக்கும்? மஞ்சள். மஞ்சள் நிறமி நீலத்தை மட்டும் விழுங்கிவிட்டு 520க்கு மேல் எல்லாவற்றையும் கிட்டத்தட்ட வெள்ளை போலவே திருப்பி அனுப்புகிறது. வெள்ளைச் சுவரில் மஞ்சள் கோலம் என்றால் ஆம்பர் எல்.இ.டி.யே போதும். சிவப்பு-பச்சை ஆசையை விட்டுவிட்டோம். ஆய்வக விளக்கை வைத்துத் தனியாக ஒரு மாடம் மட்டும் அதற்கு ஒதுக்கினோம்.

சாம்பிளுக்குச் சிமென்ட் ஷீட் துண்டுகளில் அடித்துப் பார்த்தோம். ஒரு கிலோ டிஸ்டெம்பருக்கு 40 மில்லி மஞ்சள் ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் நிறச்சாயம்). ஆம்பரில் வைத்தால் கோடு மறையவில்லை. வெள்ளையைவிட ஒரு துளி இருட்டாகத் தெரிந்தது. மஞ்சள் நிறமியும் கொஞ்சம் விழுங்கத்தான் செய்கிறது. அப்படியானால் வெள்ளையை அந்த ஒரு துளி கறுக்க வேண்டும். கறுப்பு ஸ்டெய்னர் சொட்டு விட்டால் பகலில் சுவர் அழுக்காகத் தெரிந்தது. அப்போது பெயிண்டர் அண்ணன், “நான் அப்பவே சொன்னேனே, நீலம் போடுங்க” என்றார். அவர் சொன்ன காரணம் வேறு, ஆனால் அதுதான் விடை. நீலம் மஞ்சள் ஒளியில் சுவரை இருட்டாக்கும். வெள்ளை ஒளியில் சுவரை இன்னும் வெள்ளையாக, லேசாக நீலம் தட்டிக் காட்டும். மஞ்சள் கோடு அதன் மேல் இன்னும் எடுப்பாக நிற்கும். வேண்டாம் என்று சுரண்டியெறிந்த பொருள் இரண்டு பக்கமும் உதவுகிறது.

கிலோவுக்கு 2, 4, 6, 8 கிராம் என்று நான்கு சாம்பிள் போட்டோம். நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கித்தான் அளந்தோம். கைப்பிடி அளவில் இது நடக்காது. 4இல் கோடு சுவரைவிட இருட்டு, 6இல் சுவர் கோட்டைவிட இருட்டு. 5 கிராமில் கோடு காணாமல் போனது. நான்கு சுவருக்கும் இரண்டு கோட்டிங் சேர்த்து 12 கிலோ, ஆக 60 கிராம் நீலம். கட்டி இல்லாமல் கரைவது முக்கியம். துணியில் முடிந்து வெந்நீரில் கசக்கி, இரண்டு முறை வடிகட்டி, 12 கிலோவையும் ஒரே டிரம்மில் ஒன்றாகக் கலக்க வேண்டும். வாளி வாளியாகக் கலந்தால் ஒவ்வொரு வாளியும் ஒரு நிறமாகும், மஞ்சள் ஒளியில் எங்கே வாளி மாறியது என்று கோடு போட்டுக் காட்டும். இன்னொன்று: காய்ந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஈரத்தில் பொருந்தியது காய்ந்ததும் பொருந்தாது.

கோலத்தைத் திட்டமிட்டவர் அந்தத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. மார்கழியில் அவர் வாசலில் நிற்காமல் யாரும் போவதில்லை. ஆரம்பத்தில் தயங்கினார். “தரையில போடுறதத் தூக்கிச் சுவர்ல ஏத்துறீங்களே தம்பி” என்றார். அப்புறம் நோட்டுப் புத்தகத்தில் 68 அடிச் சுற்றளவுக்கும் இழை விடாமல் ஓடி, கதவு நிலையைத் தாண்டி, புறப்பட்ட புள்ளியிலேயே வந்து சேரும்படி ஒரு சிக்குக் கோலம் போட்டுக் கொடுத்தார். புள்ளிக்குப் புள்ளி ஓர் அடி, ஒன்பது வரிசை. நான்கு மூலைகளில் இழை எப்படித் திரும்ப வேண்டும் என்பதற்கு அவர் செலவிட்ட நேரம்தான் மொத்தத் திட்டத்திலும் சிறந்த உழைப்பு. மூலையில் இழை மடங்கினால் கோலம் உடைந்ததாகத் தெரியும் என்று, மூலைக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வரிசையை நிறுத்தி, வளைவு இரு சுவரிலும் சரிபாதி விழும்படி செய்தார். அவருக்கு 4,000 ரூபாய் கொடுத்தோம். குறைவு என்றே நினைக்கிறேன்.

புள்ளிகளைச் சுவருக்கு மாற்ற நூல் அடிக்க வேண்டும். கொத்தனார்கள் வழக்கமாக நூலில் நீலத்தையோ காவியையோ தடவி அடிப்பார்கள். இங்கே இரண்டும் கூடாது. சுவரில் மிச்சம் நிற்கும் நீலத்தூள் மஞ்சள் ஒளியில் பென்சில் கோடு போல் தெரியும். பென்சிலும் கூடாது. மஞ்சள் கோலப்பொடி தடவி நூல் அடித்தோம். தவறி நின்றாலும் கோலத்தோடு கோலமாக மறைந்துவிடும்.

கோடு ஒன்றரை அங்குல அகலம். முடித்துவிட்டு மஞ்சள் விளக்கைப் போட்டால் நிறம் மறைந்தது, கோலம் மறையவில்லை. மாட்யூல்களைச் சுவரின் மேல் விளிம்பில் சுற்றிலும் பொருத்தியிருந்தோம். ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கியதால் தூரிகை விட்ட மேடெல்லாம் நிழல் போட்டு, கோலம் வெட்டிவைத்ததுபோல் நின்றது. கோட்டின் ஓரங்களை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம். முழுதாகப் போகவில்லை. பிறகு விளக்குகளையே இடம் மாற்றினோம். அறை நடுவில், தரையிலிருந்து 8 அடி உயரத்தில் மேல் நோக்கிய நீளத் தொட்டி ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு, எல்லா மாட்யூல்களையும் அதற்குள் கூரையைப் பார்க்க வைத்தோம். கூரையில் மரச்சட்டங்கள் ஒளியைத் தின்றன, அதனால் அச்சடிக்காத வெள்ளை ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டினோம். சதுர அடி 8 ரூபாய், 280 சதுர அடிக்கு 2,240. கூரை முழுக்க விளக்காக மாறி, ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சமமாக விழுந்தது. மேடுகள் மறைந்தன. கோலம் போனது. விளக்கு எங்கே இருக்கிறது என்று தேடும் கண்ணுக்கும் வேலை இல்லாமல் போனது. அறைக்குள் காற்றே மஞ்சளாக இருப்பதாகத் தோன்றியது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. 200 மாட்யூல், 240 வாட், 12 வோல்ட்டில் 20 ஆம்பியர். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் 200 வாட் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி இரண்டு போட்டு ஒவ்வொன்றையும் 120 வாட்டில் ஓட்டினோம். ஒரு சரத்தில் 20 மாட்யூலுக்கு மேல் கோர்க்காதீர்கள். கடைசி மாட்யூல்கள் மங்கும். பத்துச் சரம், ஒவ்வொன்றுக்கும் தனி வயர், மூல இணைப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். சூடு பெரிய விஷயம். ஆம்பர் எல்.இ.டி. சூட்டில் வெகுவாக மங்கும், அலைநீளமும் சில நானோமீட்டர் ஆரஞ்சுப் பக்கம் நகரும். பங்குனி வெயிலில் மூடிய அறையில் எரிந்தபோது 110 லக்ஸில் (வெளிச்சத்தின் அளவு) ஆரம்பித்தது இரண்டு மணி நேரத்தில் 78க்கு இறங்கியது. மாட்யூல்களை ஒன்றரை அங்குல அலுமினியப் பட்டைகளில் திருகிப் பொருத்தி, தொட்டியின் ஒரு முனையில் சிறு மின்விசிறி வைத்த பிறகு 96இல் நின்றது.

இனி, மொத்த வேலையில் பாதிக்கு மேல் விழுங்கிய பகுதி: வெளிச்சத்தை வெளியே நிறுத்துவது. இது இல்லாமல் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை. வெளியிலிருந்து வரும் பகல் ஒளியில் நீல ஒளியும் இருக்கிறது. மஞ்சள் கோடு அந்த நீல ஒளியை விழுங்கும், சுவர் திருப்பி அனுப்பும். விரல் அகல வெளிச்சம் வந்தாலும் அந்த இடத்தில் கோலம் எட்டிப் பார்க்கும். வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம், எங்கே ஓட்டை என்பதைக் கோலமே காட்டிக்கொடுக்கும். பகல் 12 மணிக்கு உள்ளே உட்கார்ந்து, கோலத்தின் எந்தத் துண்டு தெரிகிறது என்று பார்த்து, அதற்கு எதிரே ஓட்டையைத் தேடினோம்.

ஜன்னலுக்குக் கறுப்புப் பாலித்தீன் போதாது. வெயில் நேராக அடிக்கும்போது ஊசித் துளைகள் நட்சத்திரம் போல் மின்னும். 6 மி.மீ. ப்ளைவுட்டை ஜன்னல் அளவுக்கு அறுத்து, உள்பக்கம் வெள்ளை அடித்து, ஓரமெல்லாம் ஃபோம் பட்டை ஒட்டி அழுத்தினோம். மூன்று ஷீட், 3,300 ரூபாய். மரச்சட்டம் சுவரில் நுழையும் இடங்களில் சந்து, சிமென்ட்டும் எம்-சீலும். தொந்தரவு கொடுத்தது மேற்குச் சுவர். காலையெல்லாம் சரியாக இருந்துவிட்டு மாலை 4 மணிக்குமேல் கோலத்தின் ஒரு வளைவு மட்டும் தெரியத் தொடங்கும். ஸ்விட்ச் போர்டுக் குழாய் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. சுவிட்ச், சார்ஜர், எஸ்.எம்.பி.எஸ். மேலிருந்த பச்சை விளக்கு எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் மூடினோம்.

காற்று வேண்டுமே. வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் மின்விசிறி வைத்து, அதன் முன் இரண்டு முறை மடங்கும் ப்ளைவுட் குழாய், உள்ளே முழுக்கக் கறுப்பு. காற்று திரும்பிப் போகும், ஒளி திரும்பாது. வாசலிலும் அதே தந்திரம்: நேர் கதவு இல்லாமல் 4 அடி அகலத்தில் ‘ட’ வடிவ நடை, இரு முனைகளிலும் தடித்த கறுப்புத் துணி இரண்டடுக்காக. சக்கர நாற்காலி திரும்ப 4 அடியும் வேண்டும். முதலில் மூன்றடிதான் விட்டிருந்தோம், தச்சர் பிரித்து மறுபடி செய்தார்.

கோலத்தைக் காட்டும் வெள்ளை ஒளிக்கு வருகிறேன். வீட்டில் போடும் இளமஞ்சள் வெள்ளை டியூப் போட்டால் கோலம் சோகையாக இருந்தது. முழு நீல எல்.இ.டி. போட்டுப் பார்த்தோம். அடேயப்பா, நீலச் சுவரில் கறுங்கோடுகளாகக் கோலம் பாய்ந்து வந்தது. எங்களுக்கு அதுவே போதும் என்றிருந்தது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “கறுப்புல கோலம் போட மாட்டோம் தம்பி. வேற ஏதாவது பாருங்க.” அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கோலம் அவருடையது. 6,500 கெல்வின் குளிர் வெள்ளை டியூப் 20 வாட்டில் இரண்டு போட்டோம். பகல்போல் நின்று பார்த்தால் வெள்ளைச் சுவரில் மஞ்சள் கோடு, அவ்வளவுதான். ஆனால் மூன்று நிமிடம் மஞ்சளுக்குள் இருந்துவிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு வேறு. கண் மஞ்சளுக்குப் பழகிவிடுவதால் வெள்ளை ஒளி வந்த நொடியில் சுவர் நீலமாகிறது, மஞ்சள் கோடு வெளுத்து வெள்ளையாகத் தெரிகிறது. நீலச் சுவரில் வெள்ளைக் கோலம். நான்கு நொடிக்கு மேல் விட்டால் கண் சுதாரித்துக்கொண்டு கோடு மஞ்சளாகத் தொடங்கும். அதனால் நான்கு நொடியிலேயே அணைத்துவிடுகிறோம். அக்காவை உள்ளே உட்காரவைத்துக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை, இன்னும் இரண்டு சுற்று இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மஞ்சள் எரியும்போதே வெள்ளையைப் போட்டால் கோலம் பாதி பலம்தான். ஒன்று அணைய மற்றொன்று எரிய வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் தாமதம். ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் கார் ஹாரனுக்கு விற்கும் 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வாங்கி, டி.சி. பக்கத்தில் வெட்டினோம். குறித்த நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறி இயங்கும் சைக்ளிக் டைமர் அந்த ரிலேயையும் டியூபையும் சேர்த்து இயக்குகிறது. இரண்டு சரங்களை மட்டும் இன்னொரு ரிலே வழியாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இணைத்தோம். கரண்ட் போனால் அந்த 48 வாட் தானாக எரியும், ஒரு மணி நேரம் தாங்கும். ஜன்னலெல்லாம் அடைத்த அறைக்குள் ஆட்களை அனுப்புகிறோம். இதைச் செய்யாமல் திறந்திருக்கக் கூடாது.

கைபேசிக்குத் தடை போடுவதாகத்தான் இருந்தோம். திரையின் நிறங்கள் அறைக்குள் தனியாக மின்னின, கெடுக்கும் என்று பயம். ஆனால் ஒரு சிறுவன் டார்ச்சை அடித்துச் சுவரில் வட்டமாகக் கோலத்தைக் கண்டுபிடித்து, இழை பிடித்துக்கொண்டே அறையைச் சுற்றி வந்தான். அதற்கப்புறம் தடை எடுத்துவிட்டோம். முகூர்த்த நாளில் கல்யாண வீட்டிலிருந்து பட்டுப்புடவையோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள், சுவரைப் பார்க்கவே இல்லை. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

வெளியேறும் நடையில் இன்னொரு சிக்கல். மஞ்சளிலிருந்து வருபவர்களுக்கு வெளிச் சுவர் ஊதாவாகத் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்து, பழைய வாசலின் 6 அங்குலப் படியில் தடுக்கினார்கள். சாய்தளம் போட்டு, ஓரமாகக் கைப்பிடி வைத்தோம். குங்கும மாடத்தையும் அங்கிருந்து உள்நடைக்கு மாற்றினோம். ஆய்வக விளக்கு முதலில் இளஞ்சிவப்பாக எரிந்து, முழு மஞ்சளுக்கு வரச் சுமார் 10 நிமிடம் எடுக்கும், அதனால் காலையில் ஏற்றினால் மாலைவரை அணைப்பதில்லை. உள்ளே சோடியம் என்பதால் கம்பி வலைக்குப் பின்னால்தான் இருந்தது.

செலவு, வாடகை தவிர, ஏறக்குறைய 34,700 ரூபாய். விளக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வயரும் அலுமினியமும் சேர்ந்து 6,830தான். வெளிச்சம் அடைக்க ப்ளைவுட், துணி, ஃபோம், தச்சர் கூலி 8,450. பெயிண்டர்கள் கூலி 5,400, எலக்ட்ரீஷியனுக்கு 2,500. மீதி டிஸ்டெம்பர், ஃப்ளெக்ஸ், டைமர், பேட்டரி, டியூப்.

அடுத்த முறை செய்தால் முதலில் ஓட்டைகளை அடைத்துவிட்டுத்தான் விளக்கைத் தொடுவேன். டிஸ்டெம்பரைத் தூரிகையில் அடிக்காமல், கோட்டுக்கு ஸ்டென்சில் வெட்டி ஸ்பாஞ்சால் ஒற்றினால் மேடு வராது என்று சாம்பிளில் தெரிகிறது. தரையையும் சேர்க்க வேண்டும் என்று அக்கா சொல்கிறார். சிவப்பு ஆக்ஸைடு 590 பக்கத்தில் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று பார்க்க, தரை மூலையில் மஞ்சளும் நீலமும் கலந்த மூன்று சதுரங்களைப் போட்டுவைத்திருக்கிறோம். இன்னும் காயவில்லை.